தவுக்கேயின் வெயில்

செம்பனை ஆலையில் நான் பாய்லர்மேன்.
இரவெல்லாம் ஒரு முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குச் சம்பளம்.
சிவப்புக் கோட்டை அது முகர்ந்தால் போதும்,
கை தானாக வால்வுக்குப் போய்விடும்.
பதினோரு வருஷம்.

வீட்டில் எனக்கொரு தாடி ஓணான்.
நாள் முழுக்க விளக்கடியில் வயிற்றைப் பரப்பிக்கொண்டு
ஒற்றைக் கண்ணால் கணக்குப் பார்ப்பதால்
தவுக்கே என்று பேர்.
ஆஸ்திரேலியப் பாலை மணலுக்கு ஆன உடம்பு.
மலேசியாவில் அதற்கெதற்குடா ஹீட்டர் என்று
சர்குணம் சிரிப்பான்.
டிசம்பரில் வந்து பார்க்கட்டும்.
லாபிஸில் ஒன்பது நாளாக வெயில் இல்லை.
தண்டவாளத்து ஓரம் தண்ணீர் ஏறி நின்றது.
தவுக்கே கறுத்துப்போனான்.
பூச்சி மூக்கின்மேல் நடந்தும் வாய் திறக்கவில்லை.

வாங்கினேன்:
வெளிச்சம் இல்லாமல் சூடு மட்டும் தரும் பீங்கான் ஹீட்டர், நூறு வாட்.
அதை அடக்க ஒரு தெர்மோஸ்டாட்,
கறுப்பு வயரின் நுனியில் அரிசியளவு உணர்முனை.
எல்லாம் நாற்பத்திரண்டு வெள்ளி. சிரிம் முத்திரை இல்லை.
கூடத்தில் இருப்பதோ ஒரே பிளக்.
அதில் ஃபேன், சோற்றுக் குக்கர், போன் சார்ஜர்,
இப்போது இதுவும்,
ஒன்றின் தோளில் ஒன்று.
கூதல் காற்று புகாமலிருக்க
கண்ணாடித் தொட்டியின்மேல் குளிக்கிற துண்டையும் போர்த்தினேன்.
பிரியத்தோடுதான் போர்த்தினேன்.

பின்னிரவு மூன்றேகால்.
தமயந்தி கூப்பிட்டாள்:
"என்னமோ கருகுற வாசம் வருது."
என் முள் இருபதில் ஆடாமல் நின்றது.
பாய்லரை விட்டு ஓட முடியாது.
தண்ணி ஊத்தாதே, பிளக்கைத் தொடாதே,
மெயினை இறக்கு, வெளியே போ, என்றேன்.
"தவுக்கே?"
நான் பதில் சொல்லவில்லை.
நாற்காலி இழுபடும் சத்தம்.
டக்.
அப்புறம் போனுக்குள் மழை மட்டும்.

விடிந்து போனபோது
போர்ச்சில், மோட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.
மூன்று வருஷமாக அவனை விரலால்கூடத் தொடாதவள்.
ரெயின்கோட்டுக்குள்ளிருந்து ஒரு தாடி நீட்டிக்கொண்டிருந்தது.

துண்டில் தோசையளவு கருப்பு.
பிளக்கின் ஒரு துளை
தேங்காயெண்ணெய் போல இளகி, மறுபடி உறைந்திருந்தது.
தெர்மோஸ்டாட்டைத்தான் முதலில் திட்டினேன்.
பிறகு குனிந்து பார்த்தேன்.
ராத்திரி எப்போதோ தவுக்கே பிறாண்டி
உணர்முனையை வெளியே தள்ளியிருக்கிறான்.
ஒழுகின மழைத்தண்ணீருக்குப் பக்கத்தில்,
சிமெண்டுத் தரையில் அது கிடந்தது.
குளிருது, குளிருது என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.
பொய்யில்லை. அங்கே குளிர்தான்.
தெர்மோஸ்டாட் நம்பி, நம்பி,
இங்கே எரித்திருக்கிறது.

வயர்மேன் ஆ லோக் வந்து
கருகின பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"நீ பாய்லர் பாக்குற ஆளா?" என்றார்.
அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.
ஆலையில் பாய்லருக்கு இரண்டு சேஃப்டி வால்வு,
ஒன்று ஏமாற்றினால் இன்னொன்று.
வீட்டில் ஒரு துண்டும் என் நம்பிக்கையும்.

இப்போது ஹீட்டருக்குத் தனி லைன்.
சுற்றிலும் கம்பிக்கூண்டு, மேலே ஒன்றும் போர்த்துவதில்லை.
உணர்முனையைக் கேபிள் டையால் இறுக்கிவிட்டேன்,
அவன் பல்லுக்கு எட்டாத இடத்தில்.
சூடு மிஞ்சினால் வெட்டிவிட இரண்டாவது கட்டுப்பாடு,
முத்திரையோடு, நூற்றெழுபது வெள்ளி.
சர்குணத்திடம் விலை சொல்லவில்லை.

ஆலையில் முள்ளைப் பார்க்கிறேன்.
பார்த்துவிட்டு எழுந்துபோய்
அந்த முள் எங்கிருந்து கேட்டுச் சொல்கிறது என்று
குழாயோடு நடந்து பார்த்துவிட்டு வருகிறேன்.
சூப்பர்வைசருக்கு என்மேல் சந்தேகம்.

நேற்று பின்னிரவில் மறுபடி தமயந்தி.
மணி அடித்ததும் என் கை வால்வுக்குப் போய்விட்டது.
"ஒண்ணுமில்ல, பூச்சி தின்னுறான்," என்றாள்.
கொஞ்சம் பொறுத்து,
"ரெண்டு."